லத்தி வேண்டாம், சாட்சி வேண்டும்

(முன்னாள் மாணவர் சங்கத்தின் ஆண்டுக் கூடலில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



"காவல் பணியில் பொதுமக்களின் பங்கு" என்ற தலைப்பைச் செயலாளர் போனில் சொன்னபோது, "தம்பி, நான் போலீஸ்காரனும் இல்லை, வக்கீலும் இல்லையே" என்றேன். "அதனாலதான் சார் உங்களைக் கூப்பிடறோம்" என்றார். நியாயமான பதில்தான். நான் 31 ஆண்டுகள் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் பர்சனல் டிபார்ட்மெண்டில் வேலை பார்த்தவன். தொழிலாளி காணாமல் போனாலும், வழியில் அடிபட்டாலும், சம்பளப் பணத்தைப் பறிகொடுத்தாலும் ஸ்டேஷனுக்குப் போக வேண்டிய ஆள் நான்தான். அந்த அளவில் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு.

நம் வீடுகளில் ஒரு பழக்கம் இருக்கிறது. "போலீஸ் ஸ்டேஷன், கோர்ட்டு, ஆஸ்பத்திரி, இந்த மூணு படியும் ஏறக் கூடாது" என்று பெரியவர்கள் சொல்வார்கள். ஆஸ்பத்திரிப் படியை எல்லோரும் ஏறித்தான் ஆக வேண்டியிருக்கிறது. மற்ற இரண்டு படியும் நமக்கு இன்னும் அந்நியமாகவே இருக்கின்றன. ஆனால் அந்தக் காலத்தில் காவல் என்பது ஊருக்கு வெளியிலிருந்து வந்த காரியம் அல்ல. சோழர் காலக் கல்வெட்டுகளில் "பாடிகாவல்" என்ற வரியைப் பார்க்கிறோம். ஊர்க்காவலுக்காக ஊரார் கொடுத்த வரி அது. வெள்ளைக்காரன் காலத்திலும் தலையாரி இருந்தார், கிராம முன்சீப் இருந்தார். ஊரில் ஒரு கொலை விழுந்தால் முதல் ரிப்போர்ட் பெரும்பாலும் முன்சீப் கையெழுத்தோடுதான் ஸ்டேஷனுக்குப் போகும். அந்த முறையில் சாதியும் ஆதிக்கமும் நிறையக் கலந்திருந்தன. அதைப் புகழ வேண்டிய அவசியம் இல்லை. 1980ல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் பரம்பரைக் கர்ணம், முன்சீப் பதவிகள் ஒழிக்கப்பட்டு, கிராம நிர்வாக அலுவலர்கள் வந்தார்கள். நல்ல மாற்றம்தான். ஆனால் ஊருக்கும் ஸ்டேஷனுக்கும் இடையில் இருந்த அந்த ஒற்றையடிப் பாதையும் அத்தோடு மறைந்துபோனது.

அதே காலத்தில் நம் பகுதியே மாறியது. ஏரியும் வயலும் இருந்த இடத்தில் சிப்காட் வந்தது. கும்மிடிப்பூண்டி, பிறகு தேர்வாய் கண்டிகை. உருக்காலை, ரசாயனம், மோட்டார் உதிரிபாகம் என்று கம்பெனிகள் வந்தன. பீகார், ஒடிசா, மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட் என்று ஆட்கள் வந்தார்கள். ஒரு லைன் வீட்டில் பத்துப் பேர், பக்கத்து வீட்டுக்காரர் பெயர் தெரியாது. ஒருபுறம் ஆந்திர எல்லை ஆரம்பாக்கம், எளாவூர் செக்போஸ்ட், இரவு பகலாக லாரி ஓடும் கல்கத்தா நெடுஞ்சாலை. இன்னொருபுறம் கடற்கரை, பழவேற்காடு. இவ்வளவையும் விரல்விட்டு எண்ணக்கூடிய ஸ்டேஷன்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும். இங்கே காவல்துறைக்கு மக்களின் உதவி இல்லாமல் முடியுமா? முடியாது. என்ன உதவி, எதுவரை உதவி என்பதுதான் கேள்வி.

நம் மாவட்டத்தில் நடந்த இரண்டு சம்பவங்களைச் சொல்கிறேன்.

முதலாவது, 2005 ஜனவரி 9. கும்மிடிப்பூண்டி சட்டமன்ற உறுப்பினர் கே. சுதர்சனம் அவர்கள், பெரியபாளையம் அருகே தானாகுளத்தில் உள்ள தம் வீட்டிலேயே கொள்ளைக் கும்பலால் சுட்டுக் கொல்லப்பட்டார். வடமாநிலத்திலிருந்து லாரியில் வந்து, நெடுஞ்சாலையை ஒட்டிய தனி வீடுகளாகப் பார்த்து, எல்லோரும் அயர்ந்து தூங்கும் நேரத்தில் புகும் கும்பல் அது. அதிகாரி எஸ்.ஆர். ஜாங்கிட் தலைமையிலான தனிப்படை வடமாநிலங்களில் மாதக்கணக்கில் அலைந்து அந்தக் கும்பலைப் பிடித்தது. பின்னாளில் சினிமாவாகவும் வந்தது. எம்.எல்.ஏ. வீட்டுக்கே இந்தக் கதி என்றால் நம் கதி என்ன என்று அன்று மாவட்டமே நடுங்கியது.

இரண்டாவது, 2018 மே மாதம். குழந்தை கடத்தும் கும்பல் வடக்கிலிருந்து வந்திருக்கிறது என்று வாட்ஸ்அப்பில் ஒரு வதந்தி பரவியது. அந்த மாதம் திருவண்ணாமலை மாவட்டம் அத்திமூரில், குலதெய்வம் கும்பிடப் போன சென்னை மூதாட்டி ஒருவர், குழந்தைக்குச் சாக்லேட் கொடுத்த குற்றத்துக்காக அடித்தே கொல்லப்பட்டார். அதே நாட்களில் நம் பழவேற்காட்டில், ஊர் பேர் தெரியாத ஒரு மனிதரைப் பிடித்து, அடித்து, பாலத்தில் தொங்கவிட்டார்கள். எந்தக் குழந்தையையும் யாரும் கடத்தவில்லை.

இந்த இரண்டு சம்பவங்களையும் சேர்த்துப் பாருங்கள். முதலாவதில் வந்தது பயம். இரண்டாவதில் அந்தப் பயமே கையில் கட்டையை எடுத்துக்கொண்டது. அடித்தவர்களைக் கேட்டால் "ஊரைக் காப்பாத்தத்தான் செஞ்சோம்" என்றுதான் சொல்லியிருப்பார்கள். பொதுமக்கள் காவல் பணியில் பங்கேற்பது என்று நாம் சாதாரணமாகப் பேசுகிறோமே, அதன் கோரமான முகம் இது. ஆகவே மாணவச் செல்வங்களே, ஆர்வம் மட்டும் போதாது, வரம்பும் வேண்டும்.

அந்த வரம்பைப் பற்றித் தமிழ்நாடு ஒரு பெரிய பாடத்தைப் படித்திருக்கிறது. 1993ல் ராமநாதபுரம் மாவட்டக் காவல் கண்காணிப்பாளராக இருந்த பிரதீப் வி. பிலிப் அவர்கள் "காவல்துறையின் நண்பர்கள்" என்ற அமைப்பைத் தொடங்கினார். ஆங்கிலத்தில் ஃப்ரெண்ட்ஸ் ஆஃப் போலீஸ். படித்த இளைஞர், வியாபாரி, ஆசிரியர் என்று யார் வேண்டுமானாலும் சேரலாம். தகவல் சொல்வது, திருவிழாக் கூட்டத்தில் உதவுவது, ரோந்துக்குத் துணை போவது, ஸ்டேஷனுக்கு வரப் பயப்படுகிறவர்களை அழைத்து வருவது போன்ற வேலைகள். 1994ல் மாநிலம் முழுவதும் விரிவாக்கப்பட்டது. வெளிநாட்டுக்காரர்கள்கூட வந்து பார்த்துப் பாராட்டினார்கள். யோசனை அருமையான யோசனை. அன்றைக்கு அதில் சேர்ந்த பலர் நல்ல மனசோடுதான் உழைத்தார்கள்.

ஆனால் கால ஓட்டத்தில் என்ன ஆயிற்று? பல ஊர்களில் இந்த நண்பர்கள் ராத்திரி வாகனச் சோதனையில் நின்றார்கள். சிலர் கையில் தடியும் வந்தது. சட்டம் அவர்களுக்கு எந்த அதிகாரமும் தரவில்லை. ஆனால் இருட்டில் ரோட்டை மறித்து "வண்டியை ஓரங்கட்டு" என்றால், இவர் போலீசா, நண்பரா என்று யாருக்குத் தெரியும்? 2020 ஜூனில் சாத்தான்குளத்தில் ஒரு தந்தையும் மகனும் காவலில் இருந்தபோது தாக்கப்பட்டு இறந்தார்கள். நாடே கொந்தளித்தது. அந்தச் சம்பவத்தில் இந்தத் தன்னார்வலர்களுக்கும் தொடர்பு உண்டு என்று புகார் கிளம்பியது. அமைப்பினர் அதை மறுத்தார்கள். 2020 ஜூலையில் தமிழக அரசு இந்த அமைப்புக்கு மாநிலம் முழுவதும் தடை விதித்தது. 27 ஆண்டுகள் வளர்த்த ஒன்று சில நாட்களில் முடிந்துபோனது.

என் தாழ்மையான கருத்து இதுதான். தன்னார்வலர் தவறு செய்தாரா இல்லையா என்பது ஒரு கேள்வி. அதை விசாரணை பார்த்துக்கொள்ளும். அதைவிடப் பெரிய கேள்வி, அந்த மாதிரி இடத்தில் தன்னார்வலருக்கு என்ன வேலை என்பது. ஒரு குடிமகன் ஸ்டேஷனுக்குள் நுழைகிறான் என்றால் அவன் சாட்சியாக நுழைய வேண்டும். குற்றவாளி செய்ததற்கும் சாட்சி, போலீஸ் செய்வதற்கும் சாட்சி. "நானும் பாதி போலீஸ்" என்ற நினைப்பு வந்துவிட்டால் அவன் கண் ஒரு பக்கம்தான் பார்க்கும். அப்புறம் ஊரில் அவனை எவன் நம்புவான்?

உச்ச நீதிமன்றமும் இதையொட்டிய ஒரு தீர்ப்பைச் சொல்லியிருக்கிறது. சத்தீஸ்கரில் மாவோயிஸ்டுகளை எதிர்க்கப் பழங்குடி இளைஞர்களுக்குச் சொற்பச் சம்பளம் கொடுத்து, துப்பாக்கியும் கொடுத்து, "சிறப்புக் காவல் அலுவலர்" என்று பெயர் வைத்து அனுப்பினார்கள். அது அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று 2011 ஜூலையில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அரசாங்கத்தின் ஆயுதத்தை அரைகுறைப் பயிற்சியோடு சாதாரண மக்கள் கையில் திணிக்கக் கூடாது என்பது அதன் சாரம்.

"சார், அப்போ ஊர்க்காவல் படை இருக்கே?" என்று நீங்கள் கேட்கலாம். நல்ல கேள்வி. அதற்கு 1963லேயே தமிழ்நாட்டில் தனிச் சட்டம் வந்துவிட்டது. ஆளைத் தேர்ந்தெடுக்கிறார்கள், பயிற்சி தருகிறார்கள், சீருடை உண்டு, மேலே பதில் சொல்ல வேண்டிய அதிகாரி உண்டு. தவறு செய்தால் யார் பொறுப்பு என்பது தெரியும். சீருடையில் சேவை செய்ய ஆசை உள்ள மாணவர்கள் முறைப்படி அதில் சேருங்கள். பொறுப்பு இல்லாத அதிகாரம்தான் ஆபத்து.

சரி, லத்தி வேண்டாம் என்றாயிற்று. பிறகு நாம் என்னதான் செய்வது? சட்டமே நமக்கு நிறைய வேலை வைத்திருக்கிறது. யாரும் படித்துப் பார்ப்பதில்லை, அவ்வளவுதான்.

2024 ஜூலை 1 முதல் பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாகப் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற புதிய சட்டம் நடைமுறையில் இருக்கிறது. ஒரு வீட்டைப் போலீசார் சோதனை போட வேண்டுமானால், அந்த வட்டாரத்தைச் சேர்ந்த, சம்பந்தமில்லாத, கௌரவமான இருவராவது சாட்சியாக இருக்க வேண்டும். அதுதான் நாம் சொல்லும் மகஜர் சாட்சி. சோதனையை வீடியோ எடுக்க வேண்டும் என்பதும் இப்போது சட்டம். ஒருவரைக் கைது செய்தால் கைதுக் குறிப்பில் அவர் குடும்பத்தாரோ, அந்த வட்டாரத்துக் கௌரவமான ஒருவரோ கையெழுத்துப் போட வேண்டும். 1996ல் டி.கே. பாசு வழக்கில் உச்ச நீதிமன்றம் விதித்த நிபந்தனை அது, பிறகு சட்டத்திலேயே ஏறிவிட்டது. இந்தக் "கௌரவமான ஒருவர்" யார்? நீங்கள்தான், நான்தான். நாம் போகாததால் என்ன நடக்கிறது? டீக்கடையில் நிற்கிற யாரையோ கூப்பிட்டு "இங்க ஒரு கையெழுத்துப் போடுப்பா" என்கிறார்கள். அவர் மூன்று வருஷம் கழித்து கோர்ட்டில் "எனக்கு ஒண்ணும் தெரியாதுங்க" என்று பிறழ் சாட்சி ஆகிறார். கேஸ் போச்சு. குற்றவாளி தப்பித்தான் என்று போலீசைத் திட்டுகிறோம். அப்பாவி மாட்டிக்கொண்டான் என்றாலும் போலீசைத் திட்டுகிறோம். நடுவில் நிற்க வேண்டிய நாம் எங்கே போனோம்?

குற்றவாளியைப் பொதுமக்கள் பிடிக்கவே கூடாதா? பிடிக்கலாம். கண்ணெதிரே ஜாமீனில் விட முடியாத பெரிய குற்றம் நடந்தால் யார் வேண்டுமானாலும் பிடிக்கலாம் என்று சட்டம் சொல்கிறது. ஆனால் தாமதமில்லாமல், 6 மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். "பிடி" என்றுதான் சட்டம் சொல்கிறது. "அடி" என்று எங்கும் சொல்லவில்லை. ஐந்து பேரோ அதற்கு மேலோ சேர்ந்து, ஒருவனுடைய மொழி, பிறந்த ஊர், சாதி, தனிப்பட்ட நம்பிக்கை போன்ற காரணங்களுக்காகக் கொன்றால், ஒவ்வொருவருக்கும் தூக்கு அல்லது ஆயுள் என்று புதிய பாரதிய நியாய சன்ஹிதாவில் தனிப் பிரிவே போட்டிருக்கிறார்கள்.

விபத்துக்கு வருவோம். நம் நெடுஞ்சாலையில் அடிபட்டுக் கிடப்பவரைத் தொட்டால் கேஸ் ஆகிவிடும் என்ற பயம் இன்னும் போகவில்லை. 2016ல் உச்ச நீதிமன்றமும், 2019ல் திருத்தப்பட்ட மோட்டார் வாகனச் சட்டமும் உதவி செய்பவருக்குப் பாதுகாப்புத் தந்துவிட்டன. அவர் மேல் வழக்குப் போட முடியாது, பெயரைச் சொல்லும்படி வற்புறுத்தவும் முடியாது. 2021 டிசம்பரில் தொடங்கிய "இன்னுயிர் காப்போம், நம்மைக் காக்கும் 48" திட்டத்தில், முதல் 48 மணி நேரச் சிகிச்சைச் செலவை, வரையறுத்த தொகை வரை அரசே ஏற்கிறது. நீங்கள் செய்ய வேண்டியது 108க்கு ஒரு போன், பிறகு ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கத்தில் நிற்பது.

இப்போது நம் பகுதிக்கே உரிய ஒரு விஷயம். நான் வேலையில் இருந்தபோது நடந்தது. சம்பள நாள் ராத்திரி, ஷிப்ட் முடிந்து நடந்து போன ஒரு ஒடிசாப் பையனிடம் பைக்கில் வந்த இரண்டு பேர் பணத்தையும் போனையும் பறித்துக்கொண்டார்கள். காலையில் என்னிடம் வந்து அழுதான். "ஸ்டேஷனுக்குப் போனியா?" என்றால் கையெடுத்துக் கும்பிடுகிறான், வேண்டாம் என்று. பாஷை தெரியாது, போனால் தன்னையே பிடித்து வைத்துக்கொள்வார்கள் என்ற பயம். எங்கள் கேன்டீனில் கஞ்சம் மாவட்டத்துச் சமையல்காரர் ஒருவர் இருந்தார். பல வருஷமாக இங்கேயே இருந்து தமிழ் நன்றாகப் பேசுவார். மூன்று பேருமாகப் போனோம். பையன் ஒடியாவில் சொன்னதை அவர் தமிழில் சொல்ல, நான் எழுதினேன். எழுதியதைத் திரும்ப ஒடியாவில் படித்துக் காட்டிய பிறகுதான் பையன் கையெழுத்துப் போட்டான். சி.எஸ்.ஆர். ரசீது கொடுத்தார்கள். ஸ்டேஷன் ரைட்டர் என்ன சொன்னார் தெரியுமா? "சார், அந்த ரோட்டுல நாலஞ்சு தடவை இப்படி நடந்ததா காதுல விழுந்தது. ஒருத்தர்கூட எழுதிக் குடுக்கல. எழுத்துல இல்லாததை நான் யார்கிட்ட காட்டி ரோந்து கேக்கறது?"

அந்தப் போன் கிடைத்ததா என்றால், கிடைக்கவில்லை. ஆனால் அடுத்த சம்பள நாளிலிருந்து அந்த ரோட்டில் ரோந்து வண்டி நின்றது. ஒரு புகாரும், அதைப் புரியவைத்த ஒரு சமையல்காரரும் செய்த காரியம் அது. அவர் கையில் கரண்டிதான் இருந்தது, லத்தி இல்லை.

2023 மார்ச்சில் பீகார் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் பரவி, பல பேர் பயந்து ரயில் ஏறியது உங்களுக்கு நினைவிருக்கும். போலீஸ் அதிகாரிகள் மறுப்பு வெளியிட்டு, கம்பெனி கம்பெனியாகப் போய்த் தைரியம் சொல்ல வேண்டியிருந்தது. 2018ல் வதந்தியை நம்பி நாம் பயந்தோம். 2023ல் வதந்தியை நம்பி அவர்கள் பயந்தார்கள். இரண்டு தடவையும் குறைவாக இருந்தது ஒன்றுதான்: இரண்டு பக்கத்துக்கும் தெரிந்த மனிதர், இரண்டு பாஷையும் தெரிந்த மனிதர்.

ஆகவே நம் சங்கத்துக்கு நான் மூன்று யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று, மொழித் துணை. முன்னாள் மாணவர்களிலும் இன்றைய மாணவர்களிலும் இந்தி, தெலுங்கு, ஒடியா, வங்காளம் தெரிந்தவர்கள் நிச்சயம் இருப்பார்கள். அவர்கள் சம்மதத்தோடு ஒரு பட்டியல் தயாரித்து, பகுதி ஸ்டேஷன்களுக்கும் தொழிற்சாலைகளுக்கும் கொடுப்போம். பெண்கள் புகார் சொல்ல வரும்போது துணைக்குப் பெண்களே போக வேண்டும்.

இரண்டு, மனு எழுத உதவி. மாதம் இரண்டு சனிக்கிழமை, நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் உட்காரட்டும். நம் சங்கத்து வக்கீல்கள் வழிகாட்டட்டும். முதல் தகவல் அறிக்கையின் நகலை இலவசமாகக் கேட்டு வாங்கலாம், சம்பவம் எந்த எல்லையில் நடந்தாலும் எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம் என்பதையெல்லாம் மக்களுக்குச் சொல்ல வேண்டும். தடாவா, ஆரம்பாக்கமா என்று எல்லையில் அலைக்கழிந்தவர்களுக்குத்தான் இதன் அருமை தெரியும்.

மூன்று, வதந்தித் தடுப்பு. பயமுறுத்தும் செய்தி வந்தால் அடுத்தவருக்கு அனுப்புவதற்கு முன் ஸ்டேஷனுக்கு ஒரு போன். உண்மை தெரிந்த பிறகு அந்த உண்மையை அனுப்புங்கள்.

கூடவே சில கட்டுப்பாடுகள். சீருடை கிடையாது. போலீஸ் முத்திரை போட்ட அடையாள அட்டை கிடையாது. பைக்கில் "போலீஸ்" ஸ்டிக்கர் கிடையவே கிடையாது. (சிரிப்பு) வாகனச் சோதனைக்குப் போகக் கூடாது. யாரிடமும் பணம் வாங்கக் கூடாது. "பேசி முடிச்சுக்கலாம்" என்று கட்டப்பஞ்சாயத்தில் உட்காரக் கூடாது. ஸ்டேஷனில் யாரையாவது அடிப்பதைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு வரக் கூடாது. பார்த்ததை எழுதி மேலதிகாரிக்கோ, மாஜிஸ்திரேட்டுக்கோ, மனித உரிமை ஆணையத்துக்கோ அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிக் கட்டுப்பாட்டுக்குத் தைரியம் இல்லையென்றால் முதல் மூன்று யோசனைகளையும் தொடவே வேண்டாம்.

சாட்சி சொல்லப் போனால் ஆபத்து வராதா என்று பெற்றோர்கள் கேட்பார்கள். கவலை நியாயமானதுதான். 2018ல் உச்ச நீதிமன்றம் சாட்சிகள் பாதுகாப்புத் திட்டத்தை ஏற்று, நாடு முழுவதும் பின்பற்றச் சொன்னது. மிரட்டல் வந்தால் பாதுகாப்புக் கேட்டு மனுப் போடலாம். இருந்தாலும் காகிதத்தில் உள்ள பாதுகாப்பைவிடப் பெரிய பாதுகாப்பு, நாம் தனியாகப் போகாமல் இருப்பது. ஒருவர் போனால் மிரட்டலாம், ஒரு கல்லூரியே பின்னால் நின்றால் யாரும் யோசிப்பார்கள். ஊர் கூடித்தான் தேர் இழுக்க வேண்டும்.

வருகிற கல்வியாண்டில் மொழித் துணைப் பட்டியலோடு தொடங்கலாம் என்று சங்கச் செயற்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன். என் பெயரை மனு எழுதும் மேசையில் முதல் சனிக்கிழமைக்கே எழுதிக்கொள்ளுங்கள். உங்களில் எத்தனை பேர் வருகிறீர்கள் என்பதை இன்று மதியச் சாப்பாட்டுக்கு முன்பே செயலாளரிடம் சொல்லிவிடுங்கள், சாப்பிட்ட பிறகு தூக்கம் வந்துவிடும்.